திறப்பு யார் கையில்?

சென்ற மாதம் பேராதனைக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மாணவர்களுக்கெனக் கற்றல் வள நிலையம் ஒன்றை அமைக்கப் போகிறார்களாம். முப்பத்தொரு வருடம் மின்சாரப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்க நினைத்திருக்கிறார்கள். மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். இருபது கணினிகள், இரண்டு குளிரூட்டிகள், வீதிப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மும்மொழியில் பெயர்ப்பலகை. வரைந்த பிள்ளை மிகுந்த கவனத்தோடு வரைந்திருந்தாள். கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்பதைக்கூட வளைகோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்தக் கதவு காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்? இதன் திறப்பு யார் கையில் இருக்கும்?

அறை அமைதியாகிவிட்டது. "அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சேர்" என்றார் ஒருவர். அவர் நல்லவர், என் பழைய மாணவரும்கூட. ஆனால் அந்தப் ‘பிறகு’ எங்கே போய் முடியும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் இப்படியோர் அறை இருந்தது. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். திறப்பு விழாவன்று குத்துவிளக்கு ஏற்றினார்கள், பால்சோறு பரிமாறினார்கள். உள்ளே எட்டுக் கணினிகள், மூன்று கண்ணாடி அலமாரிகள், அலமாரி நிறையப் புத்தகங்கள். மறுநாள் காலை அறை பூட்டியிருந்தது. திறப்பு களஞ்சியப் பொறுப்பாளரின் லாச்சிக்குப் போய்விட்டது. ஒரு மாணவனுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் வகுப்புப் போதனாசிரியரிடம் கடிதம் வாங்க வேண்டும். அதில் மேலதிகாரியின் கையொப்பம் வேண்டும். பிறகு களஞ்சியப் பொறுப்பாளர் வேறு வேலையில்லாமல் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். இரண்டாம் தடவை எந்தப் பிள்ளையும் போகவில்லை. பல வருடங்கள் கழித்து அந்தக் கணினிகளைக் கழிவென்று ஏலத்தில் விட்டபோது, சிலவற்றின் மேலிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் இருந்தது.

எத்தனையோ நாள் அந்த மனிதர் மேல் ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஒருநாள் நேரே போய்க் கேட்டேன். இருப்புப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "சேர், வருஷ முடிவுல கணக்கெடுக்க வருவாங்க. ஒரு புத்தகம் குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். சம்பளத்துல வெட்டுவாங்க. எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் கெட்டவரில்லை. அறையைத் திறந்து வைத்தால் அவருக்கு நட்டம், பூட்டி வைத்தால் அவருக்குப் பாதுகாப்பு. யாரும் தொடாத புத்தகம் கணக்கெடுப்பில் முழுசாக இருக்கும். கைபட்டுத் தேய்ந்த புத்தகத்துக்குக் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இப்படியொரு ஒழுங்கை வைத்துக்கொண்டு எவ்வளவு அழகான அறையைக் கட்டினாலும் அது பூட்டியேதான் கிடக்கும்.

ஆகவே புதிய நிலையத்தின் திட்டத்தில் முதலாம் பக்கத்தில் இருக்க வேண்டியது கட்டடப் படம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். திறந்திருக்கும் நேரம், முழுநேரமாக அங்கேயே இருக்கும் ஓர் ஆள், பாவனையால் தேயவும் தொலையவும் எழுத்தில் கொடுத்த அனுமதி ஆகிய மூன்றும் அங்கே இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியும் காசு மிஞ்சினால் வரட்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு நெருக்கமானது. நான் கலஹாப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளவின் ஊடாகத்தான் போகிறது. படிக்கிற காலத்தில் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போவேன். விடியற்காலையில் தோட்டத்தில் பஸ் ஏறினால் வகுப்புத் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடுவேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புப் பிந்தும். அந்த ஒரு மணித்தியாலத்தை எத்தனை நாள் வாசல் மதிலில் உட்கார்ந்து கழித்திருக்கிறேன்! மழை பெய்தால் கன்டீன் ஓரம், பனியென்றால் பஸ் தரிப்பிடம். மாலையிலும் இதே கதைதான், பஸ் வரும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, ஹந்தானை என்று மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளின் நாள் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் வகுப்புக்கு முந்திய ஒரு மணித்தியாலமும் பிந்திய ஒரு மணித்தியாலமும்தான். லயத்து வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும்போது இரவில் எங்கே புத்தகத்தை விரிப்பது?

கற்றல் வள நிலையம் காலை எட்டரைக்குத் திறந்து பிற்பகல் நாலு மணிக்கு மூடினால், அது பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்திருக்கும். பகல் சாப்பாட்டு வேளையில் பொறுப்பாளரும் சாப்பிடப் போனால் அந்த அரை மணித்தியாலமும் போய்விடும். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, சனிக்கிழமை உட்பட, திறந்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். மாலையில் தங்கும் பெண்பிள்ளைகள் பஸ் தரிப்பிடம்வரை போகும் வழியில் விளக்கு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதுவும் நூலகத் திட்டத்தின் ஒரு பகுதிதான். விளக்கில்லாத பாதைக்குப் பயந்து நாலு மணிக்கே புறப்பட்டுவிடும் பிள்ளைக்கு ஆறு மணிவரை திறந்திருக்கும் அறையால் என்ன பயன்?

நான் பஸ்ஸில் கடந்துபோன அந்தப் பல்கலைக்கழக வளவைப் பற்றியும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எடின்பரோ கோமகன் அதைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே அங்கே வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஆகவே வழமையைவிட இன்னும் கூடுதலாகத் திறந்துவிடுவதாக அவர் சொன்னார். அந்தச் சொல் பேராதனையில் இன்றும் பேசப்படுகிறது. ஏற்கெனவே திறந்திருந்ததை இன்னும் திறப்பது எவ்வளவு நல்ல எண்ணம்! பஸ்ஸில் அந்த வளவைக் கடக்கும்போதெல்லாம், உள்ளேயிருக்கும் பெரிய நூலகத்தில் மின்மோட்டரைப் பற்றிய புத்தகம் ஒன்றாவது இருக்கும், அதை ஒரு மணித்தியாலம் பார்க்கக் கிடைத்தால் போதுமே என்று ஏங்கியிருக்கிறேன். வயரிங் படிக்கும் பையனுக்கு அங்கே போக வழியில்லை. கண்டி நகரத்திலுள்ள டீ.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம்தான் எனக்குக் கைகொடுத்தது. அதற்கும் சனிக்கிழமைகளில் மட்டுமே போக முடிந்தது.

இந்த நாட்டில் தொழில்நுட்பக் கல்விக்குப் பல்கலைக்கழகத்தைவிட வயது கூட. மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கியது 1893இல். மூத்த பிள்ளை அது. இளைய பிள்ளைக்கு மலையடிவாரத்தில் பெரிய நூலகம் கட்டிக் கொடுத்தோம். மூத்த பிள்ளைக்கு ஒரு கண்ணாடி அலமாரியும் அதற்கொரு பூட்டும் கொடுத்தோம். கையால் வேலை செய்கிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்ற எண்ணம் இதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று காட்ட ஒரு சம்பவம் சொல்கிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் படித்தான். கைவேலையில் கெட்டிக்காரன். ஒருநாள் புதிதாக இறக்குமதியாகி வந்த ஒரு மின்பலகையை வகுப்பில் கழற்றிக்கொண்டிருந்தோம். அவன் கறுப்புக் கம்பியை வெறுங்கையால் பிடிக்கப் போனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சேர்? கறுப்புன்னா நியூட்ரல் தானே? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றான். டெஸ்டரை வைத்துக் காட்டினேன். எரிந்தது. அவன் முகம் வெளுத்துப்போனது.

அவன் படித்த புத்தகத்தில் பிழையில்லை. அது பழையது, அவ்வளவுதான். பழைய பிரித்தானிய முறையில் மூன்று பேஸ்களுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரலுக்குக் கறுப்பு. 2004இல் பிரித்தானியாவின் வயரிங் விதிகள் மாறின. புதிய முறையில் பேஸ்களுக்கு மண்ணிறம், கறுப்பு, சாம்பல். நியூட்ரலுக்கு நீலம். கறுப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன! நம் ஊரில் பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் ஓடுகின்றன. இப்போது கடையில் வாங்கும் சுருள் மண்ணிறமும் நீலமுமாக வருகிறது. பழைய வீட்டுக்குப் புதிய அறை சேர்த்துக் கட்டினால் ஒரே பெட்டிக்குள் இரண்டு முறையும் சந்திக்கின்றன. பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டு வகைக் கம்பித் துண்டையும் கையில் எடுத்துப் பார்க்க ஓர் இடம் இருந்திருந்தால் அந்தப் பையன் அன்று கையை நீட்டியிருக்க மாட்டான். பிளக் விசயமும் இப்படித்தான். 2018இலிருந்து இலங்கையில் சதுர முனை கொண்ட 13 அம்பியர் பிளக்தான் தராதரம் என்று ஆகிவிட்டது. அலமாரியில் இருந்த புத்தகங்களோ உருண்டை முனைப் பிளக்கையே தொடர்ந்து கற்பித்துக்கொண்டிருந்தன. தொழிற்கல்வி நூலகத்தில் பழைய புத்தகத்தின் மேல் ‘இது பழைய முறை’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டவும், புதியதை வாங்கிப் பக்கத்தில் வைக்கவும் ஓர் ஆள் இல்லாவிட்டால், அந்தப் புத்தகம் உயிருக்கே உலை வைக்கலாம்.

நூலகத்துக்கு எது முக்கியம் என்பதை நமக்குச் சொல்லித்தர வெளியாள் தேவையில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதலாவது. அந்த விதியை விளக்கும்போது நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், தளபாடம், ஊழியர் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் மேசையோடு கட்டி வைத்ததையும் சொல்கிறார். யாழ்ப்பாணப் பொது நூலகம் அமைக்கும்போது அவரிடம்தான் ஆலோசனை கேட்டார்கள். ஐந்து விதிகள் வந்த அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வாசகர் வர முடியாத இடத்துக்கு வண்டி போனது. தொண்ணூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தோட்டத்துப் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு பெட்டி புத்தகத்தையும் நாலு மல்டிமீற்றரையும் மாதம் ஒருமுறை கலஹா பஸ்ஸில் ஏற்றி அனுப்ப நமக்கு இன்னும் தோன்றவில்லை.

இனி என் மனதுக்கு மிக நெருங்கிய விசயத்துக்கு வருகிறேன். தொழில் படிக்கும் மாணவனுக்குப் புத்தகம் பாதிதான். மீதியைப் பொருள்தான் கற்றுக்கொடுக்கும், அதிலும் கெட்டுப்போன பொருள்.

என் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. தேயிலைப் பேக்டரிகளுக்கும் வீடுகளுக்கும் திருத்த வேலைக்குப் போனபோது கருகியது, உருகியது, எலி கடித்தது என்று எதையும் எறியாமல் எடுத்து வந்து போட்டேன். மனைவி எத்தனையோ தடவை குப்பையென்று தூக்கிப் போடப் பார்த்தாள். அதில் இரண்டு மோட்டர்களின் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. இரண்டும் கொழுந்து வாட்டும் இடத்தில் காற்றாடி சுழற்றிய மோட்டர்கள். இரண்டும் ஒரே காரணத்தால் எரிந்தவை. மூன்று பேஸில் ஒன்று அறுந்துபோயும் மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இராது. ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு கருகி, ஒரு பங்கு நேற்றுச் சுற்றியதுபோல மினுங்குகிறது. அது ஸ்டார் இணைப்பு. மற்றதில் ஒரு பங்குதான் கருகியிருக்கிறது, இரண்டு பங்கு தப்பிவிட்டது. அது டெல்டா இணைப்பு. கரும்பலகையில் இதை விளக்க எனக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும், பாதிப் பிள்ளைகளுக்கு அப்போதும் விளங்காது. இரண்டு சுருளையும் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், இதுல மட்டும் ஏன் ஒரு பக்கம் எரியல?" அந்தக் கேள்வி வந்த பிறகு பாடத்தைப் பிள்ளைகளே நடத்திக்கொண்டு போவார்கள்.

திருகாணி இறுக்காததால் உருகிய நியூட்ரல் முனை ஒன்று இருக்கிறது. எங்கும் ஒரு தீப்பொறிகூட வராமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடாகி உருகியது அது. ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுகிறதென்று அளவைக் கூட்டி வைத்துவிட்டு, மோட்டரையே பறிகொடுத்த பேக்டரியின் ரிலே ஒன்று இருக்கிறது. 30 மில்லிஅம்பியரில் விழ வேண்டிய ட்ரிப் சுவிச் ஒன்று, உள்ளே எறும்பு கூடுகட்டியதால் விழாமல் நின்றது. ஒவ்வொன்றோடும் ஒரு வீடு அல்லது ஒரு பேக்டரி, ஒரு நாள், ஒரு காரணம் என் நினைவில் ஒட்டியிருக்கிறது. நான் போன பிறகு அந்த நினைவும் போய்விடும். பெட்டியில் இருப்பது பழைய இரும்பாக மட்டும் மிஞ்சும்.

பேராதனைப் பூங்காவுக்குப் போனால் மரத்துக்கு மரம் பெயர்ச்சீட்டு இருக்கும். என்ன மரம், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கும். 1821இல் தொடங்கிய தோட்டம் அது. அதற்குள்ளேயே உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று குறித்துப் பாதுகாக்கும் தேசிய உலர்தாவரக் காப்பகமும் இருக்கிறது. காய்ந்த இலை ஒன்றுகூட சீட்டோடு இருந்தால் நூறு வருடத்துக்குப் பிறகும் படிப்பிக்கும். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த முறையைத் தொழிற்பயிற்சி நிலையமும் எடுத்துக்கொள்ளலாமே. கருகிய பொருட்களுக்கென்று நீளமான அலமாரி ஒன்று. கண்ணாடி வேண்டாம், கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: என்ன பொருள், எங்கே ஓடியது, எதனால் கெட்டது, எப்படித் தடுத்திருக்கலாம். வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைகள் தேய்ந்த பெயாரிங்கையும் வெடித்த கஸ்கெட்டையும் கொண்டுவந்து வைக்கட்டும். தையல் படிப்பவர்கள் பிழையாக வெட்டிய கழுத்தை வைக்கட்டும். சீட்டு எழுதுவதே ஒரு பயிற்சி. பணம் அதிகம் வேண்டாத வேலை இது. வரைபடத்தில் மட்டும் இதற்கு ஓர் அங்குல இடம்கூட இல்லை.

அமெரிக்காவில் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979இலிருந்து கருவிகளை இரவல் கொடுத்து வருகிறது. ஏணி, துளையிடும் இயந்திரம், ரம்பம் எல்லாம் புத்தகம்போலவே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். ஹெல்சிங்கியில் 2018இல் திறந்த ஓடி நூலகத்தில் தையல் இயந்திரங்கள் இருக்கின்றன, யாரும் வந்து தைக்கலாம். பணக்கார நாடுகளின் ஆடம்பரமென்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். உண்மையில் தேவை நமக்குத்தான் கூட. என் வகுப்பில் சொந்த மல்டிமீற்றர் வைத்திருந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். வகுப்பில் அரை மணித்தியாலம் நாலு பேர் சேர்ந்து ஒன்றைப் பிடித்துப் பார்ப்பார்கள், பிறகு அது களஞ்சியத்துக்குப் போய்விடும். அதை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய், லயத்து மின்கம்பியில் மாலையில் மின்னழுத்தம் 230இலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் குறித்து வந்தான் ஒரு மாணவன். என் சொந்த மீற்றரைத்தான் கொடுத்தேன். அந்த ஒரு வாரத்தில் அவன் கற்றதை நான் ஒரு தவணை முழுக்கக் கற்பித்திருக்க முடியாது.

மொழியைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கும். என் வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும், கெலிஓயா, அக்குறணை, மடவளையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளும், தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படித்தார்கள். குறிப்புகள் சிங்களத்தில்தான் கிடைத்தன. நான் சிங்களத்தில் விளக்கிவிட்டுத் தமிழிலும் சொல்வேன். ஆனால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்தில் இருப்பதுதான் பரீட்சைக்கு முந்திய இரவில் கைகொடுக்கும். ஒருமுறை ஒரு பெண்பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அழகான தமிழ் எழுத்து. வாசித்தால் அது தமிழ் இல்லை. கரும்பலகையிலிருந்த சிங்களத்தை ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ‘பூகத கம்பிய’ என்று ஓரிடத்தில் இருந்தது. "இது என்ன மகள்?" என்று கேட்டேன். "தெரியல சேர். சோதனையில இத எழுதணும்னு மட்டும் தெரியும்" என்றாள். எர்த் கம்பி அது. தமிழ்ப் பாடப்புத்தகம் புவித்தொடுப்பு என்று சொல்லும். ஆளைக் காப்பாற்றும் கம்பியின் பெயரைப் பொருள் தெரியாத ஒலியாக அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கொப்பியை மூடிக் கொடுத்துவிட்டு அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுத முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம். மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். பாடப்புத்தகம் இல்லையென்று அவர் கையை விரித்துவிடவில்லை, மொழிபெயர்த்துக்கொண்டார். இரசாயனத்துக்கு அவருடைய ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சாகி வந்தது. கப்பலேறி வந்த ஒருவர் நூற்றைம்பது வருடத்துக்கு முன் செய்ததை, தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்ட நாட்டில் நம்மால் செய்ய முடியாதா? பெரிய பாடப்புத்தகம்கூட உடனே வேண்டாம். கற்றல் வள நிலையத்தின் ஒரு சுவரில் மூன்று நிரல் போட்ட பலகை ஒன்றை வையுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம். வகுப்பில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகளே மூன்றிலும் எழுதட்டும், தவணை முடிவில் அதை அச்சடித்துக் கொடுங்கள். சிங்களப் பிள்ளைக்கும் இதனால் பயன் உண்டு. நாளைக்கு அவன் தோட்டத்துப் பேக்டரியில் வேலைக்குப் போகும்போது, பக்கத்தில் நிற்பவருக்கு ‘கையை எடு’ என்று தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் என்ன செய்கிறது என்பதையும் போய்ப் பார்க்கச் சொன்னேன். பயிரில் நோய் கண்ட விவசாயி 1920 என்ற இலக்கத்தை அழைத்தால் மறுமுனையில் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார். கத்தரிச் செடி வாடினால் கேட்க ஓர் இடம் உண்டு. சான்றிதழோடு வெளியே போன வயர்மன் பையன் மாத்தளையில் ஒரு வீட்டுக் கூரைக்குள் குழம்பி நிற்கும்போது யாரைக் கேட்பான்? இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறான். எனக்கு அறுபத்தாறு வயது.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் சொன்ன தடை ஒன்றே: ஆளணி அனுமதி இல்லை. நியாயமான தடைதான், நான் மறுக்கவில்லை. கட்டடத்துக்கு உதவி கொடுப்பவர் கிடைப்பார், மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கமாட்டார். அப்படியானால் கட்டடத்தைச் சிறிதாக்குங்கள். இருபது கணினிகளை ஆறாகக் குறையுங்கள். பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறது, அவர்களுக்குத் தேவை நல்ல இணைய இணைப்பும், எங்கள் போதனாசிரியர்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேசிப் பதிவுசெய்த ஐந்து நிமிட வீடியோக்களும்தான். மிஞ்சும் காசில் ஒரு முழுநேர ஊழியரை முதல் மூன்று வருடத்துக்காவது ஒப்பந்தத்தில் எடுங்கள். நூலகமும் தெரிந்து, ஒரு தொழிலிலும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவராக, இரண்டு மொழியும் பேசுபவராக இருக்கட்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே நாலைந்து பேரைக் காட்டுவேன்.

மாலை வேளையில் வெளியாருக்கும் கதவைத் திறந்துவிடச் சொல்லியும் கேட்டேன். வருடக்கணக்கில் வேலை செய்தும் கையில் சான்றிதழ் இல்லாத மேசன்மாரும் வயர்மன்மாரும், ஏற்கெனவே கற்ற திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். அதற்குத் தயாராக அவர்களுக்கு ஓர் இடமில்லை. அவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் அது பாடம்தான்.

இன்னொன்றையும் மறக்காமல் சொன்னேன். வரைபடத்தில் நிலையம் கீழ்மாடியில் இருக்கிறது. டித்வா புயல் மழையில் மகாவலி பேராதனையில் என்ன செய்தது என்று 2025 நவம்பரில் பார்த்துவிட்டோம். புத்தகத்தையும் மீற்றரையும் மேல்மாடிக்கு ஏற்றுங்கள்.

கடைசியாகத் தேய்மானம். வருடத்துக்கு இத்தனை வீதம் புத்தகமும் கருவியும் பாவனையில் கெடலாம், தொலையலாம், அதற்கு எந்தத் தனி ஊழியரும் சம்பளத்தால் ஈடுசெய்யத் தேவையில்லை என்று ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் மேலிடத்துக் கையொப்பம் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அடிக்கல் நாட்ட வேண்டாம் என்று சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். வரைபடம் வரைந்த பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பின்னாலேயே வந்து, "சேர், கருகின சாமான் வைக்கிற அலமாரி எத்தனை அடி நீளம் வேணும்?" என்று கேட்டாள்.

அடுத்த கூட்டம் வருகிற வியாழக்கிழமை. மரப்பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு சுருளுக்கும் சீட்டு எழுதிவிட்டேன், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. உருகிய நியூட்ரல் முனை எந்த வீட்டில் எடுத்தது என்பது மட்டும் சரியாக நினைவுக்கு வரவில்லை. கலஹாவா, ஹிந்தகலையா என்று இன்றிரவு பழைய டயறிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.